கை தூக்கினால் வணக்கம் என்று அர்த்தமா?

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணி இருக்கும். லஸ் முனையில் பால் வாங்கிக்கொண்டு திரும்புகிறேன். டீக்கடை ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு புல்லட்டுகள் வரிசையாக நின்றிருந்தன. கறுப்புச் சட்டை, கையுறை, முழங்காலுக்குக் கவசம் என்று போருக்குப் புறப்பட்டவர்கள் மாதிரி பிள்ளைகள். கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக மாமல்லபுரம் போய் டிபன் சாப்பிட்டுவிட்டு வெயிலேறுவதற்குள் திரும்பிவிடுவார்களாம். பழைய மாடல் ஒன்றின் டாங்கை என்னையறியாமல் தடவிப் பார்த்துவிட்டேன். அதைக் கவனித்த ஒரு பையன், "அங்கிள், நீங்களும் ரைடரா?" என்று கேட்டான்.

என்ன சொல்வதென்று தெரியவில்லை. 1978 முதல் 2019 வரை, நாற்பத்தொரு வருஷம், கத்திரி வெயிலிலும் ஐப்பசி அடைமழையிலும் ஒரே புல்லட்டை ஓட்டியவன் நான். ஆனால் அந்தப் பெயரில் என்னை யாரும் அழைத்ததில்லை. "ஆபீசுக்குப் போயிட்டு வருவேம்பா" என்றேன். அவன் மரியாதையாகச் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கேள்வி மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. இந்த ஊரில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் யார், ஒருவரைப் பற்றி ஒருவர் என்ன நினைத்துக்கொண்டோம் என்பதை எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. அதில் நான் சொல்லியே தீரவேண்டிய ஒரு சம்பவமும் இருக்கிறது. முப்பத்தொன்பது, நாற்பது வருஷமாக அதை அதிகம் பேரிடம் சொன்னதில்லை.

என் கதை புதுச்சேரியில் தொடங்குகிறது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படி முழு இணைப்பு ஆனது 1962 ஆகஸ்ட் 16. ஆனால் நான் படித்த பள்ளியில் அதற்குப் பிறகும் எல்லாப் பாடமும் பிரெஞ்சில்தான். பிரான்சிலிருந்து வந்த இளம் ஆசிரியர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் கடற்கரைச் சாலையில் போவார். அவர் வகுப்பில் சொன்ன இரண்டு விஷயங்கள் இன்னமும் நினைவில் இருக்கின்றன.

முதலாவது, அவர் ஊரில் நவம்பர் வந்தால் பலர் வண்டியைப் போர்த்தி வைத்துவிடுவார்கள், பாட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைப்பார்கள், மார்ச்சில்தான் மறுபடி எடுப்பார்கள் என்றார். கரடி குளிர்காலம் முழுக்கத் தூங்குவது மாதிரி மோட்டார் சைக்கிளும் தூங்குமா என்று எங்களுக்கு ஒரே ஆச்சரியம். குளிரிலும் ஓட்டுகிற சிலர் சட்டைக்குள் நெஞ்சோடு செய்தித்தாளை மடித்துச் செருகிக்கொள்வார்கள் என்றும் சொன்னார்.

இரண்டாவது, எதிரே இன்னொரு மோட்டார் சைக்கிள்காரர் வந்தால் முன்பின் தெரியாதவராக இருந்தாலும் கையைத் தூக்கி வணக்கம் சொல்வது வழக்கம் என்றார். "நாங்கள் எல்லாரும் ஒரே குடும்பம்" என்று அவர் சொன்னது பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனுக்கு எவ்வளவு கவர்ச்சியாக இருந்திருக்கும்! பிரான்சில் இன்றும் அந்த வழக்கம் உண்டு. இடது கையின் இரண்டு விரலை விரித்துக் காட்டுவார்கள். வலது கை ஆக்சிலரேட்டரில் இருக்கும். சாலையின் வலப்பக்கம் போகிற நாடாகையால் எதிரே வருபவர் இடது கைப் பக்கம்தான் வருவார். பொருத்தமாக இருக்கிறது. வழிவிட்டவருக்கு நன்றி சொல்ல வலது காலை நீட்டிக் காட்டுவார்கள். நம் ஊரில் காலை நீட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை!

நம் நாட்டில் சாலையின் இடப்பக்கம் போகிறோம். எதிரே வருபவர் நம் வலப்பக்கம். அந்தக் கையை எடுத்தால் வண்டி இழுவை இழக்கும். இங்கிலாந்திலும் இதே நிலைமைதான். அதனால் அங்கே தலையை லேசாக அசைப்பதோடு சரி. சென்னையில் அதுவும் கிடையாது. ஹாரன்தான்.

1973-இல் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து மந்தைவெளிக்குக் குடிவந்தேன். ஜெமினி மேம்பாலம் திறந்த வருஷம் அது. சம்பளம் போதாமல் மாலையில் அடையாறில் பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு டியூஷன் எடுத்தேன். ஆபீஸ் நுங்கம்பாக்கம், டியூஷன் அடையாறு, வீடு மந்தைவெளி. பஸ்ஸை நம்பி இந்த முக்கோணத்தைச் சுற்ற முடியவில்லை. 1978-இல் சேமநல நிதியில் கடன் வாங்கி, ஓய்வுபெற்ற ஒரு போலீஸ்காரரிடம் பழைய புல்லட் 350 ஒன்றை வாங்கினேன். ஸ்கூட்டர் வாங்கலாமே என்பீர்கள். புது ஸ்கூட்டருக்குப் பதிவு செய்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த காலம் அது. கைக்குக் கிடைத்தது புல்லட்.

அந்த வண்டியைப் பார்த்த எல்லாரும் "வெள்ளைக்காரன் வண்டி சார், இரும்பு!" என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். உண்மை என்ன? ராயல் என்ஃபீல்டு இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்த கம்பெனி. 1901-இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார்கள். 1930களில் புல்லட் என்ற பெயர் வந்தது. சுதந்திரத்துக்குப் பின் நம் ராணுவத்துக்கு எல்லைக் காவலுக்கு உறுதியான வண்டி தேவைப்பட்டது, புல்லட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். 1955-இல் ரெட்டிச் கம்பெனியும் நம் மெட்ராஸ் மோட்டார்சும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில். முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1960களின் தொடக்கத்துக்குள் முழு வண்டியையும் இங்கேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கிலாந்துக் கம்பெனி 1970 வாக்கில் மூடிப்போயிற்று. திருவொற்றியூர் மட்டும் அதே பழைய புல்லட்டைச் செய்துகொண்டே இருந்தது. 1977-இல் அதை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள்! 1994-இல் ஐஷர் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஆக, நான் ஓட்டியது வெள்ளைக்காரன் வண்டி இல்லை. கபாலி கோயிலிலிருந்து தியாகராஜர் கோயிலுக்குப் போகிற தூரத்தில் செய்த வண்டி. பக்கத்து ஊர்க்காரனைச் சீமைத் துரை என்று நினைத்து மரியாதை செய்த கதைதான்.

வண்டியைப் பற்றியே இப்படியென்றால் ஓட்டுகிறவனைப் பற்றிக் கேட்க வேண்டுமா? புல்லட்டில் வந்தால் போலீஸ் அல்லது மிலிட்டரி. நான் ஒல்லி, மூக்குக்கண்ணாடி வேறு. ஆனாலும் பாண்டி பஜாரில் வண்டியை ஓரம் கட்டினால் நடைபாதைக் கடைக்காரர்கள் அவசர அவசரமாகப் பெட்டியை உள்ளே இழுப்பார்கள். சிக்னலில் பக்கத்தில் நிற்கும் இன்னொரு புல்லட்காரர் "எந்த ஸ்டேஷன் சார்?" என்பார்.

எங்களுக்குள்ளேயே ஜாதிப் பிரிவு உண்டு. புல்லட்காரன் ஜாவாகாரனை மதிக்க மாட்டான். ஜாவாவை மைசூரில் ஐடியல் ஜாவா கம்பெனி 1961 வாக்கில் செய்யத் தொடங்கியது. 1973-இலிருந்து பெயர் எஸ்டி. அது டூ ஸ்ட்ரோக். பெட்ரோலில் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். கிக்கரையே மடக்கினால் கியர். "எங்க வண்டி உங்க வண்டி மாதிரி கெஞ்ச வைக்காது" என்று ஜாவாகாரர் பெருமை பேசுவார். அதில் உண்மை உண்டு. புல்லட்டைக் கிளப்ப ஒரு சடங்கே செய்யவேண்டும். முதலில் டீகம்ப்ரஸர் பிடியை அழுத்திக்கொண்டு, ஆம்மீட்டர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல நகர்த்த வேண்டும். பிறகு பிடியை விட்டு ஒரே மிதி. முறை தப்பினால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் வீங்கும். கியரும் வலது காலில், பிரேக் இடது காலில். இரவல் வண்டி ஓட்டினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்போம்.

புல்லட்டுக்கும் ஜாவாவுக்கும் கீழே ராஜ்தூத், அதற்குக் கீழே ஸ்கூட்டர், கடைசியில் மொபெட். 1980-இல் டி.வி.எஸ். 50 வந்தது. 1984-இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசுகி, 1985-இல் யமஹா ஆர்.எக்ஸ். 100, ஹீரோ ஹோண்டா எல்லாம் வந்தன. "இதெல்லாம் ஒரு வண்டியா, தையல் மெஷின்" என்று நாங்கள் கேலி செய்தோம். அந்தத் தையல் மெஷின்களில்தான் பாதி சென்னை வேலைக்குப் போயிற்று.

ஆனால் எல்லாரையும் சமமாக்கிய ஒன்று உண்டு. அதுதான் இந்த ஊரின் வானம். சென்னையில் வண்டியைப் போர்த்தி வைக்கும் பருவம் கிடையாது. ஜனவரிக் குளிர் என்பது இருபது டிகிரி. மஃப்ளர் கட்டுகிறவர்கள் கட்டிக்கொள்வார்கள். மே மாதம் நேர் எதிர். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. தார் ரோடு சைடு ஸ்டாண்டை விழுங்கும். பிரெஞ்சுக்காரர் நெஞ்சில் செருகிய செய்தித்தாளை நாங்கள் சீட்டின் மேல் விரித்தோம், உட்கார முடியாத சூட்டுக்காக. பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. வருஷத்தில் பெய்யும் சுமார் 1,400 மில்லிமீட்டரில் பெரும்பகுதி இந்த மூன்று மாதத்தில்தான்.

மழைக்கென்று ஒரு வித்தை உண்டு. பிளக் தொப்பிக்கு மேல் பிளாஸ்டிக் பை சுற்ற வேண்டும். துரைசாமி சப்வே போன்ற இடங்களில் தண்ணீரில் இறங்கினால் கியர் மாற்றக்கூடாது, முறுக்கிய கையைத் தளர்த்தக்கூடாது. தளர்த்தினால் சைலன்சர் வழியாகத் தண்ணீர் ஏறும். கரையேறியதும் பிரேக்கை லேசாக மிதித்தபடியே கொஞ்ச தூரம் போனால் டிரம் காயும். இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் நாங்கள் படித்ததில்லை. புதுப்பேட்டையில் பழைய சாமான் வாங்கப் போகும்போதும், ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடை வாசல்களிலும் ஒருவருக்கொருவர் சொல்லிக் கற்றது.

ஐரோப்பாவிலும் பனியில் ஓட்டுகிறவர்கள் உண்டு. ஜெர்மனியில் 1956 முதல் நடுக்குளிர்காலத்தில் யானைக் கூட்டம் என்ற பெயரில் மோட்டார் சைக்கிள்காரர்கள் கூடிப் பனியில் கூடாரம் அடித்துத் தங்குகிறார்கள். ட்ஸுண்டாப் கம்பெனியின் பச்சை நிற வண்டி ஒன்றுக்கு யானை என்று செல்லப்பெயர். அதிலிருந்து வந்த பெயர் இது. (அதே ட்ஸுண்டாப்பின் தொழில்நுட்பத்தில்தான் நம் என்ஃபீல்டு 1980களில் சின்ன வண்டிகளைச் செய்தது.) அங்கே பருவம் பார்க்காமல் ஓட்டுவது ஒரு வீரம், ஒரு விருப்பம். இங்கே அது வருகைப் பதிவேடு. பத்து நிமிஷம் தாமதமானால் சிவப்பு மை. இந்த வித்தியாசத்தைத்தான் நான் புரிந்துகொள்ளாமல் இருந்தேன்.

1985 நவம்பர். அந்த மழையைப் பார்த்தவர்களுக்கு மறந்திருக்காது. அடையாறு ஆறு கரை தொட்டு ஓடிற்று. தாழ்வான பகுதிகள் எல்லாம் வெள்ளம். அந்த நாட்களில் ஒரு மாலை காந்தி நகரில் டியூஷன் முடித்துவிட்டு ஏழே முக்கால் மணிக்குத் திரு.வி.க. பாலத்தில் வருகிறேன். தெருவிளக்கு இல்லை. மழை ஊசி மாதிரி முகத்தில் குத்துகிறது. பாலம் இறங்கி வந்ததும் இடப்பக்கம் தூங்குமூஞ்சி மரத்தடியில் ரெயின்கோட் போட்ட ஒருவர் ஜாவாவோடு நிற்பது என் விளக்கில் தெரிந்தது. என்னைக் கண்டதும் கையை உயரத் தூக்கினார்.

எனக்குள் ஒரே பூரிப்பு. பிரெஞ்சு வாத்தியார் சொன்ன குடும்பம்! முதல்முறையாக மெட்ராசில் ஒருவர் வணக்கம் சொல்கிறார், அதுவும் ஒரு ஜாவாகாரர்! இந்த மழையிலும் ஓட்டுகிறவர்கள் நாம் இருவர்தான் என்கிறார். நானும் இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு வந்தேன். வீட்டில் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "நல்லா வணக்கம் சொன்னீங்க, மொதல்ல ரசத்தைக் குடிங்க" என்றாள்.

ஒரு வாரம், பத்து நாள் கழித்து ஆபீஸ் கேன்டீனில் வேறொரு பிரிவைச் சேர்ந்த நண்பர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். தலை மழித்திருந்தது. பெயர் வேண்டாம். தினம் பார்த்துத் தலையசைக்கும் பழக்கம்தான்.

"சார், அன்னைக்கு ராத்திரி பாலத்துக்கிட்ட உங்களை நிறுத்தப் பார்த்தேன். உங்க வண்டிச் சத்தம் எனக்குத் தெரியும். நீங்க கையைக் காட்டிட்டுப் போயிட்டீங்க."

எனக்குக் காபி டம்ளர் கையில் நின்றுவிட்டது.

ராயப்பேட்டைப் பக்கம் ஒரு மருத்துவமனையில் அவர் அம்மா இருந்தார். சாயங்காலத்திலிருந்து மகன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாராம். தகவல் வந்து புறப்பட்டவருக்குத் தண்ணீரில் வண்டி நின்றுவிட்டது. பாயின்ட் நனைந்து பொறி வரவில்லை. ஆட்டோ ஒன்றும் வரவில்லை. மந்தைவெளி வரை வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், ஒரு கடை வாசலில் விட்டுவிட்டு, பாதி நடையும் பாதி பஸ்ஸுமாக அவர் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பதரை. எட்டரைக்கே பேச்சு நின்றுவிட்டது. இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்து அம்மா போய்விட்டார்.

அன்று அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டிருந்தால் கால் மணி நேரம். எட்டு மணிக்கெல்லாம் அம்மாவின் கட்டிலருகே இருந்திருப்பார்.

"பரவாயில்ல சார், இருட்டுல உங்களுக்கு எப்படித் தெரியும்? மனசுல வெச்சுக்க வேண்டாம்னு சொல்லத்தான் வந்தேன்" என்றார். திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பிறகு பல இரவு யோசித்திருக்கிறேன். நான் அவரைப் பார்க்காமல் போகவில்லை. நன்றாகப் பார்த்தேன். பார்த்த மாத்திரத்தில் நானாக நான்கு முடிவுக்கு வந்தேன். மரத்தடியில் நிற்பவர் மழைக்கு ஒதுங்கியிருக்கிறார். கை தூக்கினால் வணக்கம். ஜாவாகாரருக்குத் தன் வண்டியைத் தானே சரிசெய்யத் தெரியும். புல்லட்காரன் போய்க் கேட்டால் கௌரவக் குறைச்சல். இந்த மழையில் வண்டி எடுத்தவர் ஆசைப்பட்டு எடுத்திருக்கிறார். நான்கும் தப்பு. இத்தனைக்கும் நானே அந்த மழையில் ஆசைப்பட்டா ஓட்டினேன்? அறுபது ரூபாய் டியூஷன் சம்பளத்துக்காக ஓட்டினேன்.

ஒரே சாலையில், ஒரே மழையில், ஒரே மாதிரி வண்டியில் போவதால் மட்டும் இருவர் ஒரே காரியமாகப் போவதில்லை. ஒரே குடும்பம் என்ற எண்ணம் நல்லதுதான். ஆனால் அந்த எண்ணத்திலேயே திளைத்துக்கொண்டு, எதிரே நிற்பவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் போய்விட்டேன்.

அன்றிலிருந்து ஒரு விரதம் வைத்துக்கொண்டேன். ஓரமாக வண்டியோடு யார் நின்றாலும், ஸ்கூட்டரோ மொபெட்டோ, நிறுத்தி "என்ன ஆச்சு?" என்று கேட்பது. அந்த நண்பர் பிறகு பல வருஷம் என்னோடு பேசினார், என் மகள் கல்யாணத்துக்கு வந்தார். இந்த விரதத்தைப் பற்றி அவரிடம் நான் சொன்னதே இல்லை.

காலம் மாறிற்று. 2007 ஜூனில் ஹெல்மெட் கட்டாயம் என்றார்கள். கொஞ்ச நாளில் தளர்ந்தது. உயர்நீதிமன்ற உத்தரவால் 2015 ஜூலை 1 முதல் மறுபடி இறுகியது. உயிர் காக்கும் சாமான், வேண்டியதுதான். ஆனால் முகம் தெரியாமல் போனதால் நமக்குள் ஊகம் இன்னும் கூடிவிட்டது. ஒருமுறை தி.நகரில் உஸ்மான் ரோட்டை ஒட்டிய சந்தில், மழைத் தூறலில், ரெயின்கோட்டும் ஹெல்மெட்டுமாக ஒருவர் புல்லட்டை நிறுத்திக்கொண்டு நின்றார். "என்ன தம்பி ஆச்சு, பிளக்கா?" என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றினால் ஒரு பெண். "வண்டி நல்லாத்தான் இருக்கு அங்கிள், அம்மா போன் பண்ணாங்க, பேச நின்னேன். உங்க வண்டிதான் ஏதோ தட்டுற மாதிரி கேக்குது, டாப்பெட் பாருங்க" என்றாள். மெக்கானிக்கிடம் காட்டினேன். டாப்பெட்தான்.

என் கணக்கில், நிறுத்திக் கேட்ட பத்துப் பேரில் ஏழெட்டுப் பேருக்கு உதவி ஒன்றும் தேவைப்படவில்லை. சிலர் "உங்களுக்கென்ன சார்?" என்று முறைத்ததும் உண்டு. மிச்சப் பேருக்குக் கொஞ்சம் பெட்ரோல், ஒரு ஸ்பேனர், ஒரு போன், சில சமயம் கூட நிற்க ஒரு ஆள்.

2019-இல் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, வண்டியை விற்றுவிட்டேன். இப்போது மழை நாளில் பால்கனியில் உட்கார்ந்து பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் அன்று வருவதில்லை. முதுகில் பெட்டியோடு சாப்பாடு கொண்டுபோகிற பிள்ளைகள்தான் போகிறார்கள். டிசம்பர் புயலிலும் போகிறார்கள், மே மாதம் மத்தியான வெயிலிலும் போகிறார்கள். பன்னிரண்டு மாதமும் ஓட்டுகிறவர்கள் இன்று அவர்கள்தான். அவர்களை ரைடர் என்று அந்தக் கம்பெனிகளே அழைக்கின்றனவாம். லஸ் முனைப் பையன் அவர்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டிருப்பானா என்று தெரியவில்லை.

போன ஐப்பசியில் ஒருநாள் எங்கள் தெரு முனையில் அப்படி ஒரு பையன் வண்டியை நிறுத்திவிட்டு மழையில் நின்றான். குடையை எடுத்துக்கொண்டு மெல்ல இறங்கிப் போய், "என்னப்பா ஆச்சு?" என்று கேட்டேன்.

"வீட்டு நம்பர் தெரியல தாத்தா" என்றான்.

காட்டிவிட்டு வந்தேன்.